லெதர் சோபாவுக்குத் தேங்காய் எண்ணெய் தடவலாமா?

கேள்வி: சென்னையில் வசிக்கிறோம். வெளிர் பழுப்பு நிறத்தில் லெதர் சோபா வாங்கிச் சில ஆண்டுகள் ஆகின்றன. தலை சாய்க்கும் இடம் கருத்துப்போய்ப் பிசுபிசுக்கிறது. மழைக்காலத்தில் முதுகுப் பக்கம் வெள்ளையாகப் பூத்துவிடுகிறது. தேங்காய் எண்ணெய் தடவித் துடைத்தால் புதிதுபோல ஆகும் என்கிறார்கள். செய்யலாமா?

பதில்:

தயவுசெய்து தடவாதீர்கள். தலை சாய்க்கும் இடம் கருத்ததற்குக் காரணமே தலையில் வைக்கும் எண்ணெய்தான். அதற்கு மேலும் எண்ணெய் ஊற்றினால் இன்று ஒரு சாண் அகலத்தில் இருக்கும் கறை நாளை சோபா முழுவதும் பரவிவிடும்.

ராணிப்பேட்டையில் ஒரு தோல் தொழிற்சாலையின் ஃபினிஷிங் பிரிவில் பல ஆண்டுகள் வேலை பார்த்தவன் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். தோலுக்கு எண்ணெய் வேண்டும் என்பது உண்மைதான். ஆனால் அதை நாங்கள் அங்கேயே ஏற்றிவிடுகிறோம். குரோமியம் உப்பில் பதப்படுத்திச் சாயம் ஏற்றிய தோலைப் பெரிய டிரம்மில் போட்டு, வெந்நீரில் பால் போலக் கலந்த எண்ணெயோடு சேர்த்துச் சுழற்றுவோம். எண்ணெய் நுண்துளிகளாகி நாருக்கும் நாருக்கும் நடுவே போய் அமர்ந்துகொள்ளும். தோல் மெத்தென்று வளைவது அதனால்தான். பிறகு உலர்த்தி, மேலே நிறப் பூச்சு அடித்து, அதன் மேல் நிறமற்ற காப்புப் பூச்சும் அடித்து அனுப்புவோம். கடைகளில் விற்கும் சோபாக்களில் பெரும்பாலானவை இந்த வகைதான். நீங்கள் வீட்டில் கையால் தடவும் எண்ணெய் அந்தப் பூச்சைத் தாண்டி உள்ளே போவதே இல்லை. மேலேயே தங்கித் தூசியைப் பிடித்துவைக்கும், நாள்பட்டால் சிக்கு வாடை அடிக்கும். தேங்காய் எண்ணெய் ஏறத்தாழ 25 டிகிரிக்குக் கீழே உறையக்கூடியது என்பதால், இரவு முழுக்க ஏசி ஓடும் அறையில் தையல் ஓரங்களிலும் சுருக்கங்களிலும் வெண்மையாகக் கட்டிப்போய் நிற்பதையும் பார்த்திருக்கிறேன்.

முதலில் உங்களுடையது உண்மையான தோல்தானா என்று பாருங்கள். பில்லில் 'லெதர்' என்று இருந்தாலும், உட்காரும் இடமும் சாயும் இடமும் மட்டும் தோலாகவும் பக்கவாட்டும் முதுகுப்புறமும் ரெக்சினாகவும் இருக்கும் சோபாக்கள் ஏராளம். மெத்தையின் ஜிப்பைத் திறந்து ஓரத்தை மடக்கிப் பாருங்கள். உட்புறம் முடிமுடியாக நார் தெரிந்தால் தோல். நெய்த துணி தெரிந்தால் ரெக்சின். தூளாக்கிய தோலை ஒட்டிச் செய்த 'பாண்டட் லெதர்' என்றும் ஒன்று உண்டு. மேற்பரப்பு செதில் செதிலாக உரிந்து விழுகிறது என்றால் பெரும்பாலும் அது பாலியூரித்தேன் பூச்சுள்ள போலித் தோல் அல்லது இந்த பாண்டட் வகை. காற்றின் ஈரத்தில் அந்தப் பூச்சே சிதைந்துவிடும். அதற்கு எந்த மருந்தும் கிடையாது, புது உறை தைப்பது ஒன்றே வழி. கண்டிஷனர் வாங்கிக் காசை வீணாக்க வேண்டாம்.

தோல்தான் என்று உறுதியானால், கண்ணில் படாத ஓர் இடத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். முத்தாக நின்றால் பூச்சுள்ள தோல். உடனே உறிஞ்சி அந்த இடம் கருத்தால், பூச்சில்லாத அல்லது மிக மெல்லிய பூச்சுள்ள அனிலின் வகை. பார்க்க அழகாகவும் தொட மென்மையாகவும் இருக்கும். ஆனால் தலைக்கு எண்ணெய் வைக்கும் வீட்டுக்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

இனி தலை சாய்க்கும் இடத்துக்கு வருகிறேன். இதைப் பற்றி யாரும் போதுமான அளவு சொல்வதில்லை என்பது என் ஆதங்கம். தொழிற்சாலையில் உரசினால் நிறம் போகிறதா என்று சோதிக்க, தோலிலிருந்து ஒரு துண்டை வெட்டி ஒரு சிறிய இயந்திரத்தில் பொருத்துவோம். வெள்ளை ஃபெல்ட் (அழுத்திச் செய்த கம்பளி) துண்டு ஒன்று எடையோடு அழுத்திக்கொண்டு அதன் மீது முன்னும் பின்னும் ஓடும். முதலில் உலர்ந்த ஃபெல்ட், அடுத்து தண்ணீரில் நனைத்தது, பிறகு செயற்கை வியர்வையில் நனைத்தது. உலர்ந்த துண்டு வெள்ளை வெளேர் என்று வெளியே வரும். அதே தோல், வியர்வையில் நனைந்த துண்டில் பழுப்புக் கோடு போட்டிருக்கும். ஒரு சில நிமிட உரசலிலேயே இப்படி என்றால், தினமும் மாலையில் எண்ணெயும் வியர்வையும் சேர்ந்த தலை மணிக்கணக்கில் அழுந்தும் இடம் என்ன ஆகும்? எண்ணெயில் உள்ள கொழுப்பு அமிலங்கள் பூச்சுக்குள் ஊறி அதை இளக்குகின்றன. முதலில் கருக்கும், பிறகு பிசுபிசுக்கும், அதன் பிறகு நிறம் துணியோடு வந்துவிடும். கை வைக்கும் இடத்துக்கும் இதே கதிதான், கொஞ்சம் மெதுவாக.

19ஆம் நூற்றாண்டு இங்கிலாந்திலும் இதே தொல்லை இருந்தது. ஆண்கள் தலைமுடிக்கு மக்காசர் என்ற எண்ணெய் பூசிக்கொண்டு நாற்காலியில் சாய்வார்கள். வீட்டுப் பெண்கள் நாற்காலி முதுகில் துவைக்கக்கூடிய பின்னல் துணியை விரித்துவைத்தார்கள். நீங்களும் அதையே செய்யுங்கள். நல்ல கெட்டியான பருத்தித் துண்டு போதும். வாரம் ஒருமுறை மாற்றித் துவையுங்கள். வீட்டில் பெரியவர்களை எண்ணெய் வைக்காதீர்கள் என்று சொல்வதைவிட இது எவ்வளவோ மேல்.

சுத்தம் செய்யும் முறை எளிதுதான். வாரம் ஒருமுறை உலர்ந்த மென்துணியால் தூசியைத் துடையுங்கள். நம் ஊர்த் தூசியில் மணல் உண்டு, மெத்தை இடுக்கில் அது தங்கினால் உட்காரும்போதெல்லாம் பூச்சை அராவும். வேக்குவம் கிளீனரின் பிரஷ் முனையால் இடுக்குகளை இழுத்துவிடுங்கள். சில மாதங்களுக்கு ஒருமுறை, தலையும் கையும் படும் இடங்களுக்கு மட்டும் வாரந்தோறும், ஈரத் துடைப்பு. கிண்ணத்தில் வெதுவெதுப்பான நீர், அதில் குழந்தைகளுக்கான ஷாம்பூ சில சொட்டு. நுரையை மட்டும் துணியில் எடுத்து, நன்றாகப் பிழிந்து, அழுத்தாமல் வட்டமாகத் துடையுங்கள். பிறகு வெறும் நீரில் நனைத்துப் பிழிந்த துணி, உடனே உலர்ந்த துணி, அப்புறம் மின்விசிறிக் காற்று. ஆழ்துளைக் கிணற்று நீர் வேண்டாம், உப்பு வெள்ளையாகப் படிந்துவிடும். குடிக்கும் நீரையே பயன்படுத்துங்கள். எதைத் தொடங்கும் முன்பும் மறைவான இடத்தில் வெள்ளைத் துணியால் தேய்த்து, நிறம் வருகிறதா என்று பாருங்கள்.

எலுமிச்சைச் சாறும் சமையல் சோடாவும் கலந்து தேய்க்கச் சொல்லும் வீடியோக்களை நம்ப வேண்டாம். பதனிட்ட தோல் இயல்பிலேயே லேசான அமிலத்தன்மை உடையது. சோடாவும் சலவை சோப்பும் காரம், நாளடைவில் தோலை வறளச் செய்யும். சானிடைசர், நகப்பூச்சு நீக்கி, தின்னர் ஆகியவை பூச்சையே கரைத்துவிடும். ஷூ பாலிஷ் போட்டால் வெள்ளை வேட்டியோடு உட்காரும் விருந்தினர் சாயத்தோடுதான் எழுந்திருப்பார்.

சாம்பார், குழம்பு சிந்தினால் தேய்க்காமல் ஒற்றி எடுங்கள். மஞ்சள் கறை மிச்சம் இருந்தால் பதற வேண்டாம். மஞ்சளின் நிறம் வெளிச்சத்தில் தானே வெளுக்கும். நேர் வெயில் படாத வெளிச்சத்தில் சில நாள் விட்டுப் பாருங்கள். பால்பாயிண்ட் பேனாக் கோடு அப்படிப் போகாது. கண்டதை ஊற்றாமல் தொழில் தெரிந்தவரிடம் விடுங்கள்.

முதுகுப்புற வெள்ளைப் பூப்பு இரண்டு விதமாக இருக்கலாம். சிறிது தூரத்திலிருந்து ஹேர் டிரையரில் மிதமான சூடு காட்டுங்கள். உருகி மறைந்தால் அது தோலின் உள்ளிருந்து வெளியே வந்த கொழுப்பு, மென்துணியால் துடைத்தால் போதும். மறையாமல் பஞ்சுபோல நின்று மக்கிய வாடை அடித்தால் பூஞ்சை. அக்டோபர் முதல் டிசம்பர் வரை சென்னைக் காற்றில் இருக்கும் ஈரத்துக்கு இது வரத்தான் செய்யும். மூக்கில் துணி கட்டிக்கொண்டு பால்கனிக்கு நகர்த்திவைத்துத் துடையுங்கள், அந்தத் துணியைத் தூக்கி எறிந்துவிடுங்கள். பூச்சுள்ள தோலாக இருந்தால் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலும் நீரும் சம அளவு கலந்து, துணியை லேசாக நனைத்து ஒரே ஒரு முறை துடைக்கலாம். மறைவிடச் சோதனை இல்லாமல் இதைச் செய்யக் கூடாது. பிறகு சோபாவைச் சுவரிலிருந்து ஒரு சாணாவது தள்ளிப்போடுங்கள். பிளாஸ்டிக் உறை மாட்டி வைத்திருந்தால் இன்றே கழற்றுங்கள், அது ஈரத்தை உள்ளே பூட்டிவைக்கிறது. ஊருக்குப் போகும்போது பழைய பருத்திப் புடவையால் மூடிவிட்டுப் போங்கள்.

இப்போது கருத்திருக்கும் இடத்தை என்ன செய்வது? மேற்சொன்ன நுரைத் துடைப்பைச் சில வாரங்கள் செய்து பாருங்கள். பிசுபிசுப்பு குறைந்தால் பூச்சு இன்னும் தாங்குகிறது. துடைக்கும் துணியில் சோபாவின் நிறமே வருகிறது என்றால் அந்தப் பகுதிக்கு மறுபடி நிறம் அடிக்கத்தான் வேண்டும். சோபா பழுதுபார்ப்பவர்களில் சிலர் இதைச் செய்கிறார்கள். ஒப்புக்கொள்ளும் முன், 'எண்ணெயை எப்படி எடுப்பீர்கள்?' என்று கேளுங்கள். எண்ணெயை இழுத்தெடுக்கும் கரைப்பான் போட்டுச் சுத்தம் செய்து, உலரவிட்டு, அதன் பிறகு அடிப்பூச்சு, நிறம், காப்புப் பூச்சு என்று வரிசையாகச் சொல்பவரிடம் வேலையைக் கொடுங்கள். துடைத்துவிட்டு உடனே ஸ்பிரே அடிப்பவரிடம் கொடுத்தால், உள்ளே ஊறிய எண்ணெய் புதுப் பூச்சை ஒட்டவிடாது, சில மாதங்களிலேயே உரிந்துவிடும்.