ஐடிலிங் ஏறினால் முதலில் ஸ்க்ரூவைத் தொடாதீர்கள்

கேள்வி: 2003 மாடல் மாருதி எஸ்டீம் வைத்திருக்கிறேன். பைபாஸில் ஒரு மணி நேரம் ஓட்டிவிட்டு டோல்கேட்டில் நின்றால் ஐடிலிங் (ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்த பிறகு இன்ஜின் ஓடும் வேகம்) குறையாமல் ஆர்பிஎம் முள் 1,300-லேயே நிற்கிறது. ஊருக்குள் டிராஃபிக்கில் கொஞ்ச நேரம் மாட்டிக்கொண்டால் தானாக இறங்கிவிடுகிறது. மெக்கானிக் ஐடிலிங் ஸ்க்ரூவைத் திருப்பிக் குறைத்துக் கொடுத்தார். அதிலிருந்து ஏசி போட்டு சிக்னலில் நின்றால் வண்டி ஆஃப் ஆகிறது. போன வருடம் ஹீட் ஆகிறதென்று ரேடியேட்டர் வேலை பார்த்தோம், அப்புறம் மைலேஜும் குறைந்துவிட்டது. இப்போது ஐடிலிங்குக்குக் காற்று விடும் ஐடில் வால்வை மாற்றச் சொல்கிறார்கள். மாற்றலாமா? (ஈரோட்டிலிருந்து ஒரு வாசகர்)

பதில்: இப்போதைக்கு வால்வுக்குப் பணம் போடாதீர்கள். முதலில் உங்கள் இன்ஜினில் தெர்மோஸ்டாட் (சூட்டைப் பொறுத்துத் திறந்து மூடும் தண்ணீர் வால்வ்) இருக்கிறதா என்று பாருங்கள். ஹீட் ஆகிறது என்று வண்டி உள்ளே போனால் "நம்ம ஊர் வெயிலுக்கு இது எதுக்கு" என்று தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்துவிட்டு மூடிக் கொடுக்கும் பழக்கம் பல பட்டறைகளில் இன்னும் இருக்கிறது. உங்கள் வண்டியிலும் அதுதான் நடந்திருக்கும் என்று நினைக்கிறேன், ஏனென்றால் நீங்கள் சொன்ன எல்லா அறிகுறிகளும் அந்த இடத்துக்கே வருகின்றன.

இன்ஜெக்ஷன் வண்டியில் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்த பிறகு இன்ஜின் எந்த வேகத்தில் ஓடும் என்பதை உள்ளே நுழையும் காற்றுதான் முடிவு செய்கிறது. காற்று எவ்வளவோ அதற்கேற்ற பெட்ரோலைக் கம்ப்யூட்டர் ஊற்றிவிடும். இன்ஜின் குளிர்ந்திருக்கிறது என்று, இன்ஜின் தண்ணீரின் (கூலண்ட்) சூட்டை அளக்கும் கூலண்ட் சென்சர் சொன்னால், கம்ப்யூட்டர் ஐடில் வால்வைக் கூடுதலாகத் திறந்து, பெட்ரோலையும் கூட்டி, ஐடிலிங்கை ஏற்றி வைக்கும். காலையில் ஸ்டார்ட் செய்ததும் 1,200, 1,500 என்று நின்று பிறகு மெல்ல இறங்குவது இதனால்தான், அது நோயே இல்லை. இன்ஜின் 82 அல்லது 88 டிகிரிக்கு வரும்வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் பிடித்து வைப்பது தெர்மோஸ்டாட்டின் வேலை. அது இல்லாத வண்டி பைபாஸில் எதிர்காற்று வாங்கிக்கொண்டு போகும்போது இன்ஜின் முழுச் சூட்டுக்கு வரவே வராது, கம்ப்யூட்டரும் இன்னும் விடியற்காலை என்றே நினைத்து ரேஸையும் (இன்ஜின் வேகம்) பெட்ரோலையும் கூட்டிக்கொண்டே இருக்கும். டிராஃபிக்கில் நின்றால் காற்றோட்டம் நின்று சூடு ஏறுகிறது, ரேஸ் இறங்குகிறது. மைலேஜ் எங்கே போனது என்பதற்கும் இதுவே பதில்.

சோதிக்க ஒரு பைசா செலவில்லை. இரவெல்லாம் நின்ற வண்டியைக் காலையில் ஸ்டார்ட் செய்து, ஃபேன் பக்கம் கை போகாமல், ரேடியேட்டருக்கு மேல் பக்கம் வரும் ஹோஸைத் தொட்டுப் பாருங்கள். தெர்மோஸ்டாட் ஒழுங்காக இருந்தால் அந்த ஹோஸ் பல நிமிடம் ஜில்லென்றே இருந்துவிட்டு, அப்புறம் திடீரென்று கொதிக்கும். ஆரம்பத்திலிருந்தே கொஞ்சம் கொஞ்சமாகச் சூடேறினால் தெர்மோஸ்டாட் இல்லை, அல்லது திறந்தபடி மாட்டிக்கொண்டிருக்கிறது. புதிதாகப் போட்டுவிடுங்கள், பெரிய செலவு இல்லை. அதைப் போட்டதும் பழையபடி ஹீட் ஆனால் ரேடியேட்டர் அடைப்பு, ஃபேன், ரேடியேட்டர் மூடி இவற்றில் ஏதோ ஒன்று அன்றே சரியாகப் பார்க்கப்படவில்லை என்று அர்த்தம், அதைச் சரி செய்யுங்கள், தெர்மோஸ்டாட்டை மறுபடி கழற்ற விடாதீர்கள்.

தெர்மோஸ்டாட் நன்றாக இருந்தால் அடுத்து சந்தேகப்பட வேண்டியது கூலண்ட் சென்சரை. டேஷ்போர்டில் முள் சரியாகத்தானே காட்டுகிறது என்று விட்டுவிடாதீர்கள், பழைய வண்டிகள் பலவற்றில் முள்ளுக்கு ஒரு சென்சர், கம்ப்யூட்டருக்கு வேறு சென்சர். மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தால் 20 டிகிரியில் ஏறத்தாழ 2,000 முதல் 3,000 ஓம், 80 டிகிரியில் 300 ஓம் அளவில் இருக்கும். சூடான பிறகும் ஆயிரத்துக்கு மேல் காட்டினால் சென்சர் போய்விட்டது. கூலண்ட் குறைந்து சென்சர் இருக்கும் இடத்தில் காற்றுக்குமிழி நின்றாலும் இதே கோளாறு வரும், அதனால் கூலண்ட் அளவை முதலில் பாருங்கள்.

ஸ்க்ரூ விஷயத்துக்கு வருகிறேன், எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருவது இதுதான். த்ராட்டிலை (காற்று நுழையும் வழியைத் திறந்து மூடும் தகடு) நிறுத்தி வைக்கும் அந்த ஸ்க்ரூ கம்பெனியில் செட் செய்து அனுப்பப்படுவது. பாதி சூட்டில் நிற்கும் இன்ஜினில் அதைக் குறைத்தால் முழுச் சூட்டில், அதுவும் ஏசி கம்ப்ரசர் சுமை சேரும்போது, இன்ஜினுக்குக் காற்று போதாமல் வண்டி நின்றுவிடும். அதோடு அந்தத் தகடு எவ்வளவு திறந்திருக்கிறது என்று சொல்லும் த்ராட்டில் பொசிஷன் சென்சரின் கணக்கும் கெடும், கால் எடுத்துவிட்டார் என்பதே கம்ப்யூட்டருக்குச் சரியாகப் புரியாது. தெர்மோஸ்டாட் போட்டு இன்ஜின் முழுச் சூட்டுக்கு வந்த பிறகு, சர்வீஸ் மேனுவல் வைத்திருக்கும் ஒருவரிடம் கொடுத்து ஸ்க்ரூவைப் பழைய இடத்துக்குக் கொண்டுவாருங்கள். உங்கள் வண்டிக்கு 800-ஐ ஒட்டி நின்றால் சரி.

இதே வண்டி வைத்திருக்கும் மற்றவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். டிராஃபிக்கிலும் இறங்காமல் எப்போதுமே ரேஸ் அதிகமாக இருந்தால் கதை வேறு, காற்று திருட்டுத்தனமாக எங்கோ நுழைகிறது. முதலில் ஆக்சிலேட்டர் கேபிள் இழுபட்டு நிற்கிறதா, கால்மிதி பெடலில் மாட்டுகிறதா என்று பாருங்கள். அது சரி என்றால், இன்ஜின் ஓடும்போது இன்டேக்கிலிருந்து (இன்ஜினுக்குள் காற்று போகும் குழாய்) கிளம்பும் ரப்பர் ஹோஸ்களை ஒவ்வொன்றாக ப்ளையரில் துணி சுற்றி அழுத்துங்கள். பிரேக் மிதிப்பதை லேசாக்கும் பிரேக் பூஸ்டருக்குப் போகும் தடித்த ஹோஸை அழுத்தியதும் ரேஸ் இறங்கினால் கசிவு பூஸ்டரில் அல்லது அந்த ஹோஸில். அப்படியிருந்தால் பிரேக் பெடலும் கல் மாதிரி இருக்கும், தள்ளிப்போடவே கூடாது. இன்டேக் பேக்கிங் சந்தேகம் என்றால் தண்ணீரைத் தெளித்துப் பாருங்கள், ரேஸ் மாறினால் அங்கேதான் ஓட்டை. சிலர் கார்புரேட்டர் க்ளீனரை அடிப்பார்கள், சூடான எக்ஸாஸ்ட் பக்கத்தில் அது தீப்பிடிக்கும், வேண்டாம். ரேஸ் 1,000-க்கும் 1,800-க்கும் இடையே ஏறி இறங்கி ஊஞ்சலாடினாலும் பெரும்பாலும் பெரிய காற்றுக் கசிவுதான். கால் எடுத்த நிலையில் ரேஸ் அதிகம் என்று கம்ப்யூட்டர் பெட்ரோலை நிறுத்தும், ரேஸ் விழுந்ததும் மறுபடி கொடுக்கும், இப்படியே போகும்.

கசிவே இல்லை என்றால்தான் ஐடில் வால்வ். ஏர் ஹோஸைக் கழற்றிவிட்டு, இன்ஜின் ஓடும்போது த்ராட்டில் பாடிக்குள் தெரியும் சின்னக் காற்றுத் துளையை விரலால் மூடுங்கள். ரேஸ் விழுந்தால் காற்று வால்வ் வழியாகத்தான் வருகிறது. கழற்றிக் கரியைச் சுத்தம் செய்து பார்த்துவிட்டு, அதற்கும் அடங்காவிட்டால் மாற்றுங்கள்.

கேள்வி: 1996 மாருதி 800, கார்புரேட்டர் வண்டி. காலையில் சோக் போட்டு எடுக்கிறேன். உள்ளே தள்ளிய பிறகும் ரேஸ் குறைவதில்லை. (காரைக்குடி வாசகர்)

பதில்: ஏர் ஃபில்டர் மூடியைத் திறந்து, சோக் குமிழை உள்ளே தள்ளிவிட்டு, மேலே இருக்கும் தகடு நெட்டுக்குத்தாக நிற்கிறதா என்று பாருங்கள். சாய்ந்து நின்றால் கேபிள் துருப்பிடித்து மாட்டியிருக்கிறது. தகடு சரியாக இருந்தும் ரேஸ் குறையாவிட்டால் த்ராட்டில் தண்டைப் பிடித்து ஆட்டிப் பாருங்கள், இத்தனை வருடத்தில் அது தேய்ந்து ஆட்டம் கொடுத்து அந்த இடுக்கு வழியே காற்று இழுப்பது சகஜம். சமீபத்தில் ஸ்பார்க் பிளக்குகளுக்கு மின்சாரம் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டரைத் தொட்டிருந்தால் டைமிங்கையும் (பொறி விழும் நேரம்) பாருங்கள், அட்வான்ஸ் அதிகமானாலும், அதாவது பொறி முன்கூட்டியே விழுந்தாலும், ரேஸ் ஏறும்.

கேள்வி: த்ராட்டில் பாடி க்ளீன் செய்து பேட்டரியும் கழற்றி மாட்டினார்கள். அதிலிருந்து ஐடிலிங் அதிகம். (திருநெல்வேலி வாசகர்)

பதில்: கரி போனதில் இப்போது காற்று தாராளமாக வருகிறது, பேட்டரியைக் கழற்றியதில் கம்ப்யூட்டர் பழகி வைத்திருந்த கணக்கும் அழிந்திருக்கலாம், புதுக் கணக்கை அது இன்னும் கற்றுக்கொள்ளவில்லை. ஏசி, லைட் எல்லாம் ஆஃப் செய்துவிட்டு, ரேடியேட்டர் ஃபேன் தானாக ஓடி நிற்கும்வரை ஐடிலில் ஓடவிடுங்கள், பிறகு சில நாள் ஓட்டிப் பாருங்கள். எலக்ட்ரானிக் த்ராட்டில் உள்ள வண்டி என்றால் ஸ்கேனர் போட்டுக் கற்றுக்கொடுக்க வேண்டியிருக்கும். ஒரு வாரத்தில் அடங்காவிட்டால், க்ளீன் செய்தபோது கழற்றிய ஹோஸ் ஏதாவது மாட்டாமல் தொங்குகிறதா என்று பாருங்கள்.