மலைக்குளிரும் இரண்டு பூனைகளும் (கடிதம்)

அன்புள்ள அண்ணா,

வணக்கம். ஆகஸ்டில் மதுரையிலிருந்து ஊட்டிக்கு மாற்றலாகி வந்தோம். கூடவே எங்கள் இரண்டு பூனைகளும். நான்கு வயதுக் கடுவன் ஒன்று, ஒன்பது மாதப் பெட்டை ஒன்று. டிசம்பர் பிறந்ததிலிருந்து இரண்டும் சுருண்டே கிடக்கின்றன. சின்னது மூன்று நாளாகத் தும்முகிறது. ராத்திரி கரி அடுப்பை அறைக்குள் வைத்துக்கொள், குட்டியின் நெஞ்சில் கொஞ்சம் நீலகிரித் தைலம் தேய் என்கிறார் பக்கத்து வீட்டுப் பாட்டி. செய்யலாமா? இந்தக் குளிரைப் பூனைகள் தாங்குமா?

ஒரு வாசகி, உதகமண்டலம்

அன்புள்ள தங்கைக்கு,

முதலில் தைலம். தயவுசெய்து தேய்க்காதீர்கள். பூனை நாள் முழுக்கத் தன்னை நக்கிக்கொண்டே இருக்கும். மேலே பூசியது எதுவானாலும் வயிற்றுக்குள் போய்விடும். யூகலிப்டஸ் எண்ணெய் அதற்கு விஷம். ஏற்கெனவே தேய்த்துவிட்டீர்கள் என்றால், பாத்திரம் கழுவும் சோப்பும் வெதுவெதுப்பான தண்ணீரும் கொண்டு கழுவித் துவட்டிவிட்டு உடனே மருத்துவரிடம் போங்கள். நாம் காய்ச்சலுக்குப் போடுகிற பாராசிட்டமாலும் அப்படித்தான். நம் கல்லீரல் அதை முறிக்கிற விதத்தில் பூனையின் கல்லீரலால் முறிக்க முடியாது. ஒரே ஒரு 500 மில்லிகிராம் மாத்திரை ஒரு பூனையைக் கொன்றுவிடக்கூடும்.

கரி அடுப்பும் வேண்டாம். மூடிய அறையில் கரி எரிந்தால் கார்பன் மோனாக்சைடு சேரும். அதற்கு வாசனை கிடையாது. கணப்பு மூட்டிக்கொண்டு தூங்கியவர்கள் காலையில் எழுந்திருக்காத செய்தி நம் மலைப்பகுதிகளில் புதிதல்ல. பாட்டி அன்பாகத்தான் சொல்கிறார். இதை அவரிடமும் எடுத்துச் சொல்லுங்கள், அவர் வீட்டிலும் அடுப்பு எரியும் அல்லவா?

சரி, தாங்குமா என்று கேட்டீர்கள். ஆரோக்கியமான, வளர்ந்த பூனை தாங்கும். அதன் உடல் வெப்பமே 38, 39 டிகிரி. தரையின் சில்லிப்பும் ஈரமும்தான் அதற்கு ஆகாது. ஒரு அட்டைப் பெட்டியில் பூனை நுழைகிற அளவுக்கு மட்டும் ஓட்டை போட்டு, உள்ளே பழைய கம்பளி ஸ்வெட்டரைப் போட்டு, தரையில் வைக்காமல் ஒரு ஸ்டூல் மேல் வையுங்கள். வெந்நீர்ப் பை வைத்தால் துண்டில் சுற்றி வையுங்கள், ஆறியதும் எடுத்துவிடுங்கள்.

உங்கள் கடுவன் விஷயத்தில் தண்ணீரைக் கவனியுங்கள். குளிரில் பூனைகள் குறைவாகக் குடிக்கும். கடுவனுக்கு மூத்திரக்குழாய் குறுகலானது, அடைத்துக்கொள்ளும். மண் தட்டுக்குத் திரும்பத் திரும்பப் போய் முக்கினாலோ, சொட்டுக்கூட வராமல் கத்தினாலோ விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். ஓரிரு நாளில் உயிர் போய்விடும். வெதுவெதுப்பான தண்ணீர் வையுங்கள், சோற்றில் உப்புப் போடாத மீன் வேகவைத்த தண்ணீரைத் தாராளமாக ஊற்றுங்கள்.

இன்னொன்று, நான் பட்டுத் தெரிந்துகொண்டது. உறைபனி கொட்டியிருந்த ஒரு ஜனவரிக் காலை. புல்லெல்லாம் உப்பைத் தூவியது போல வெளுத்திருந்தது. அவசரத்தில் காரை ஸ்டார்ட் செய்தேன், முன்னாலிருந்து ஒரு அலறல். பானெட்டைத் திறந்தால் தெருவில் நான் தினமும் சோறு வைக்கும் சாம்பல் நிறக் குட்டி, இன்னும் சூடு ஆறாத இன்ஜின்மேல் ராத்திரி படுத்திருக்கிறது. பெல்ட்டில் சிக்கி ஒரு பின்னங்கால் தோல் உரிந்து தொங்கியது. பிழைத்தது, ஆனால் அந்தக் காலை எடுக்க வேண்டியதாயிற்று. அன்றிலிருந்து பானெட்டை நாலு தட்டு தட்டி, கொஞ்சம் பொறுத்துத்தான் சாவியைத் திருப்புகிறேன். நீங்களும் தட்டுங்கள், உங்கள் வீட்டுப் பூனைகள் உள்ளே இருந்தாலும். அப்புறம், இருட்டியபின் அவற்றை வெளியே விடாதீர்கள். சிறுத்தை வரும் ஊர் இது.

சின்னதின் தும்மலுக்குக் குளிரைவிட வைரஸ் காரணமாக இருக்கவே வாய்ப்பு அதிகம். அதற்குத் தடுப்பூசி உண்டு. மூக்கு அடைத்தால் பூனைக்குச் சோற்றின் வாசனை தெரியாது, வாசனை தெரியாவிட்டால் தின்னாது. மீனைக் கொஞ்சம் சூடாக்கி மூக்கருகே காட்டிப் பாருங்கள். தின்றாலும் தின்னாவிட்டாலும், மூன்று நாள் ஆகிவிட்டதால் நாளைக் காலை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். மதுரையில் தந்த தடுப்பூசி அட்டையையும் எடுத்துக்கொள்ளுங்கள். கூடையின் மேல் ஒரு சால்வையைப் போர்த்திக்கொண்டு போங்கள், காலை எட்டு மணிக்குக்கூட இங்கே காற்று அறையும்.

டாக்டர் என்ன சொன்னார் என்று ஒரு வரி எழுதுங்கள்.