நெபோம்னியாஷி: ‘நினைவில்லாதவன்’ என்றொரு குடும்பப்பெயர் (கேள்வி பதில்)

டொராண்டோவில் 2024 ஏப்ரலில் நடந்த கேண்டிடேட்ஸ் சதுரங்கப் போட்டியில் சென்னையின் குகேஷ் 9 புள்ளிகளுடன் முதலிடம் பெற்றார். அரைப் புள்ளி பின்தங்கி இரண்டாமிடத்தைப் பகிர்ந்துகொண்ட மூவரில் ஒருவர் ரஷ்யாவின் இயான் நெபோம்னியாஷி. அந்த நாட்களிலிருந்து இப்பெயரைப் பற்றிப் பலர் என்னிடம் கேட்டு வருகிறார்கள். ரஷ்ய மொழி கற்பித்த காலம் முதல் ஸ்லாவியக் குடும்பப்பெயர்களைத் தேடிப் படிப்பது என் வழக்கம் என்பதால், கேள்விகளை ஒருசேர எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி (மதுரை): இப்பெயருக்குப் பொருள் உண்டா?

உண்டு. ‘நெ’ என்பது எதிர்மறை முன்னொட்டு. ‘போம்னித்’ என்றால் நினைவில் வைத்திருத்தல். அந்த வினையின் நிகழ்காலப் பெயரெச்சமே ‘போம்னியாஷி’. ஆக, முழுப்பெயரின் பொருள் ‘நினைவில் வைத்திராதவன்’, சுருங்கச் சொன்னால் ‘நினைவில்லாதவன்’.

இதில் இலக்கணம் ஒரு துப்புத் தருகிறது. ‘-ஆஷி’ என முடியும் பெயரெச்ச வடிவம் ரஷ்ய மொழிக்குப் பழைய வழிபாட்டு மொழியான திருச்சபை ஸ்லாவியத்தின் வழியாக வந்தது. அது எழுத்துமொழிக்கு உரியது. மக்கள் பேச்சில் இயல்பாக வளர்ந்த வடிவம் ‘-ஆச்சி’. ‘கரியாஷி’ என்றால் எரிந்துகொண்டிருக்கிற. ‘கரியாச்சி’ என்றால் வெறுமனே சூடான. வேர் ஒன்றுதான், ஒன்று ஏட்டு வழி வந்தது, மற்றது வாய் வழி வந்தது. மறதிக்காரன் ஒருவனுக்கு ஊரார் பட்டப்பெயர் வைத்திருந்தால் அது ‘பெஸ்பாமியத்னி’ என்பது போல அமைந்திருக்கும். அதிலிருந்து பிறந்த பெஸ்பாமியத்னவ் என்ற குடும்பப்பெயர் தனியே இருக்கிறது. நெபோம்னியாஷி என்ற பெயரோ ஊர்ச்சாவடியில் பிறந்ததாகத் தோன்றவில்லை. அலுவலகத்து மேசையில், எழுத்தர் ஒருவரின் பேனா முனையில் பிறந்த பெயர் இது.

கேள்வி (சேலம்): எப்படி உச்சரிப்பது?

அழுத்தம் ‘போ’வின் மேல் விழும். அழுத்தம் பெறாத உயிர்கள் ரஷ்ய மொழியில் மங்கிவிடுவதால் ‘நெ’ பேச்சில் ‘நி’யை நெருங்கும், ‘னியா’ ‘னி’யாகக் குறுகும், இறுதியில் வருவது மென்மையாக நீளும் ‘ஷ்ஷ்’. ஆகவே ‘நிபோம்னிஷ்ஷி’ என்று சொன்னால் ரஷ்யர் புரிந்துகொள்வார். எழுதும்போது, எழுத்தைப் பின்பற்றி நெபோம்னியாஷி என்று எழுதுகிறேன்.

கேள்வி (கொழும்பு): அப்படியானால் ஆங்கிலத்தில் ஏன் அத்தனை எழுத்துகள்?

அது ஆங்கில முறையன்று, பிரெஞ்சு முறை. சோவியத் காலத்து வெளிநாட்டுக் கடவுச்சீட்டுகளில் பெயர்களைப் பிரெஞ்சு எழுத்துமுறைப்படி எழுதினார்கள். அந்த வழக்கம் 1990களிலும் நீடித்தது. ரஷ்ய மொழியின் ஒற்றை ‘ஷ்ஷ்’ எழுத்துக்குப் பிரெஞ்சு முறையில் ஐந்து எழுத்துகள் தேவைப்படுகின்றன. எனவே ரஷ்ய எழுத்தில் 10 எழுத்தாக இருக்கும் பெயர் ரோமன் எழுத்தில் 14 ஆயிற்று. தமிழ்ப் பத்திரிகைகள் அந்த 14 எழுத்தையும் ஆங்கிலம் போலப் படிக்க முற்படுவதால்தான் ‘நெபோம்னியாச்ட்சி’ போன்ற வடிவங்கள் அச்சேறுகின்றன.

கேள்வி (திருநெல்வேலி): அலுவலகத்து மேசையில் பிறந்த பெயர் என்கிறீர்கள். ஒரு மனிதனுக்கு ‘நினைவில்லாதவன்’ என்று அரசு எதற்காகப் பெயர் வைக்க வேண்டும்?

எல்லாக் கேள்விகளிலும் இதற்கே விரிவாகப் பதில் சொல்ல விரும்புகிறேன்.

பேரரசர் பீட்டர் காலந்தொட்டு ரஷ்யாவில் ஒருவர் தம் ஊரைவிட்டு வெகுதூரம் செல்வதற்கு உள்நாட்டுக் கடவுச்சீட்டு தேவைப்பட்டது. அது இல்லாமல் பிடிபட்டவன் சட்டத்தின் கண்ணில் ‘பிரதியாகா’, அதாவது நாடோடி. ஊர் எது, தந்தை யார், எந்த வகுப்பினன், எந்தப் பண்ணையாருக்கு உரியவன் என்று விசாரணையில் கேட்பார்கள். உண்மையைச் சொன்னால் தப்பியோடிய பண்ணையடிமை பண்ணையாரிடமே திருப்பி அனுப்பப்படுவான்; படையிலிருந்து ஓடியவன் படைக்கே போவான்; சைபீரியக் கடுங்காவலிலிருந்து தப்பியவனுக்குச் சவுக்கடியும் கூடுதல் ஆண்டுகளும் காத்திருக்கும். ‘என் பெயர் இவான், சுற்றம் எதுவும் நினைவில்லை’ என்று மட்டும் சொல்லி நின்றுவிட்டால், நாடோடிக்கு உரிய தண்டனையோடு முடிந்துவிடும். தப்பியோடிய கடுங்காவல் கைதிக்கு அது பழைய தண்டனையைவிட இலேசானது. எழுத்தர் ‘சுற்றம் நினைவில்லாத இவான்’ என்று பதிந்துகொள்வார். அந்தச் சொற்றொடரே சட்ட வழக்காயிற்று, அதன் ஒரு துண்டு குடும்பப்பெயராயிற்று.

இவர்கள் எவருக்கும் நினைவு தவறிவிடவில்லை என்பதை வாசகர்கள் மனத்தில் கொள்ள வேண்டும். தாயின் முகமும் ஊரின் வழியும் நன்றாக நினைவிருந்தவர்கள் அவர்கள். சொல்ல மறுத்தார்கள், அவ்வளவே. திருச்சபைச் சீர்திருத்தத்தை ஏற்காத பழைய நம்பிக்கையாளரில் ‘ஓடுகிறவர்கள்’ எனப்பட்ட பிரிவினர் சிலர், அரசின் ஏட்டில் பெயர் ஏறுவதையே பாவமாகக் கருதி, சமய உறுதியாலேயே வாய் திறக்காமல் இருந்தார்கள். ‘மறதிக்காரன்’ என்று இப்பெயரை மொழிபெயர்ப்பவர்கள் மீது எனக்கு வருத்தம் உண்டு. அந்த மொழிபெயர்ப்பு அந்த மனிதர்களின் உறுதியை அடியோடு துடைத்துவிடுகிறது.

சைபீரியாவில் குயில் கூவும் வசந்தத்தில் கைதிகள் காட்டுக்குள் தப்பியோடுவதை ‘தளபதி குக்கூஷ்கினிடம் பணிக்குச் சேருதல்’ என்பார்கள். ‘குக்கூஷ்கா’ என்றால் குயில். சைபீரியக் குடியானவர்கள் இவர்களுக்காக இரவில் சன்னல் விளிம்பில் ரொட்டியும் பாலும் வைத்துவிட்டு உறங்கப் போவது வழக்கம். குளிர்காலம் வந்தால் காட்டில் உயிர் தரிக்க முடியாது. பலர் மீண்டும் பிடிபடுவார்கள், பெயரற்ற இவான்களாக.

1890இல் ரஷ்யாவின் கிழக்குக் கோடியில் கைதிகளின் தீவாக இருந்த சகலினுக்குச் சென்று மூன்று மாதம் தங்கி, ஏறக்குறைய 10,000 பேரை அட்டைகளில் பதிந்த எழுத்தாளர் செகாவ், அங்கிருந்த நாடோடிகளிடையே மிகப் பரவலான பெயர் இவான் என்றும், மிகப் பரவலான குடும்பப்பெயர் நெபோம்னியாஷி என்றும் குறித்திருக்கிறார். முஸ்தஃபா நெபோம்னியாஷி, ஃபிரான்ஸ் நெபோம்னியாஷி, ‘தாயகமற்ற’ வசீலி, ‘பட்டப்பெயரற்ற’ யாகோவ் என்று அவர் தரும் பட்டியலில் ‘நாடோடி இவான், 35 வயது’ என்பதும் ஒரு மனிதனின் முழுப்பெயராக நிற்கிறது. வயது குடும்பப்பெயரின் இடத்தில் வந்து அமர்ந்திருப்பதைக் காணும்போதெல்லாம் நான் சற்று நின்றுவிடுகிறேன்.

கேள்வி (கோவை): அப்படியானால் சதுரங்க வீரர் இயானின் முன்னோர் சைபீரியக் கைதிகளா? அவர் எந்த இனத்தவர்?

ஒரு குடும்பத்தின் வரலாற்றை அக்குடும்பத்தினர்தாம் சொல்ல வேண்டும். பெயரை வைத்து நான் சொல்வது முறையன்று. பெயரைப் பற்றிப் பொதுவாகச் சொல்கிறேன். இந்தப் பெயர் ஒரே இடத்தில் ஒரே ஒருவருக்குத் தரப்பட்டதன்று. தொடர்பே இல்லாத மனிதர்களுக்கு வெவ்வேறு ஊர்களில், வெவ்வேறு ஆண்டுகளில் தரப்பட்டது. செகாவின் பட்டியலில் முஸ்தஃபாவும் ஃபிரான்ஸும் ஒருங்கே நிற்பதே போதுமான சான்று. யூதக் குடும்பங்களிலும் இப்பெயர் உண்டு. ரஷ்யப் பேரரசின் யூதர்கள் அனைவரும் நிலையான குடும்பப்பெயர் கொள்ள வேண்டும் என்ற சட்டம் 1804இல் வந்தது. ஒரே குடும்பப்பெயர் என்பதால் ஒரே குடும்பம் என்றோ, ஒரே இனம் என்றோ முடிவு கட்டாதீர்கள். இதை இன்னும் சில முறை சொல்ல வேண்டியிருக்கும் என்று எண்ணுகிறேன்.

கேள்வி (ஈரோடு): பெயரை எப்படி உச்சரிப்பது?

சேலம் வாசகருக்குத் தந்த பதிலைப் பாருங்கள்.

கேள்வி (சிங்கப்பூர்): உங்கள் விளக்கத்தை என்னால் ஏற்க முடியவில்லை. பொஹீமியாவின் (இன்றைய செக் குடியரசின் ஒரு பகுதி) புனிதர் யான் நெபோமுக் இருக்கிறாரே! ரஷ்ய மொழியில் இயானின் பெயரும் ‘யான்’தான். யான் நெபோமுக், யான் நெபோம்னியாஷி: இந்த ஒற்றுமை தற்செயலா? சதுரங்கம் ஆடும் ‘துருக்கியன்’ என்ற பொறியை ஊர் ஊராகக் காட்டிய மெல்ட்ஸெலின் முழுப்பெயரும் யோஹான் நெபோமுக்தான்.

மெல்ட்ஸெல் பற்றிய தகவல் சரி. அதை உருவாக்கிய கெம்பெலன் 1804இல் இறந்த பிறகு அந்தப் பொறியை வாங்கி ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் காட்டியவர் அவர்தான். நினைவூட்டியதற்கு நன்றி. ஆனால் தற்செயல் என்பதே என் பதில்.

நெபோமுக் என்பது மேற்கு பொஹீமியாவில் உள்ள ஓர் ஊர். அதன் பழைய பெயர் பொமுக். அங்கிருந்து வந்த யான் என்ற குருவானவர் 1393இல் மன்னர் வென்செஸ்லாஸின் ஆணையால் பிராகில் விளத்தாவா ஆற்றில் தள்ளிக் கொல்லப்பட்டார். 1729இல் புனிதராக அறிவிக்கப்பட்டார். அதன் பிறகு ஆஸ்திரியாவிலும் பவேரியாவிலும் பொஹீமியாவிலும் கத்தோலிக்கக் குடும்பங்கள் பிள்ளைகளுக்கு ‘யோஹான் நெபோமுக்’ என்று பெயரிட்டன. ஊர்ப்பெயரின் இறுதியில் நிற்பது ‘க்’. ரஷ்யப் பெயரில் நிற்பது பெயரெச்ச விகுதி. அந்தக் ‘க்’ இந்த ‘-ஆஷி’யாக மாறுவதற்கு எந்த ஒலி விதியும் இடம் தராது. அதோடு, கத்தோலிக்கப் புனிதர் ஒருவரின் பெயரை ஆர்த்தடாக்ஸ் ரஷ்யாவின் விசாரணை எழுத்தர்கள் நாடோடிகளுக்கு ஏன் வைக்க வேண்டும்?

கேள்வி (அதே சிங்கப்பூர் வாசகர்): அரசியின் பாவசங்கீர்த்தன இரகசியத்தைச் சொல்ல மறுத்ததால்தான் யான் கொல்லப்பட்டார் என்பது மரபு. உங்கள் நாடோடிகளும் சொல்ல மறுத்தவர்களே. இதற்குப் பிறகும் தொடர்பில்லை என்பீர்களா?

இது அழகான கேள்வி. நான் ஒரு நாள் முழுக்க இதை நினைத்துக்கொண்டிருந்தேன். இரு தரப்பிலும் வாய் திறக்க மறுத்த மனிதர்கள் நிற்கிறார்கள் என்பதை மனமார ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இரு கதைகள் ஒத்திருப்பது இரு சொற்களுக்கு உறவு உண்டு என்பதற்குச் சான்றாகாது. மேலும், பாவசங்கீர்த்தனக் கதை புனிதர் இறந்து பல ஆண்டுகள் கழித்து எழுந்த மரபு. வரலாற்றாய்வாளர்கள் அவர் கொலைக்கு மடாதிபதி நியமனம் பற்றிய பூசலையே காரணமாகக் காட்டுகிறார்கள். சொல்லின் பிறப்பை ஒலியும் இலக்கணமும் ஆவணமும் கொண்டு நிறுவ வேண்டும். இந்த மூன்றும் இல்லாத இடத்தில் ஒற்றுமை எவ்வளவு கவர்ச்சியாக இருந்தாலும் கைவிட்டுவிட வேண்டும். பெயராய்வில் நான் கண்ட பிழைகளில் பெரும்பாலானவை இப்படிப்பட்ட கவர்ச்சியில் தொடங்கியவையே.

கேள்வி (தஞ்சாவூர்): ‘போம்னித்’ என்பதில் ‘மன்’ ஒலிக்கிறதே, நம் ‘மனம்’தானே அது? தமிழிலிருந்து போனதா?

வேர் உறவு மெய்யே. நீங்கள் சொல்லும் திசைதான் சரியன்று. ‘போம்னித்’ என்பதன் வேரும் சமஸ்கிருத ‘மனஸ்’ என்பதன் வேரும் இந்தோ-ஐரோப்பிய மொழிகளின் பொதுச் சொத்து. இலத்தீன் ‘மென்ஸ்’ அதே குடும்பம். தமிழ் ‘மனம்’ சமஸ்கிருதத்திலிருந்து வந்த சொல் என்பதே அகராதியியலில் பொதுவாக ஏற்கப்பட்ட கருத்து. எனவே இது ரஷ்ய மொழிக்கும் தமிழுக்கும் நேர் உறவைக் காட்டாது. சிங்கப்பூர் வாசகருக்குச் சொன்னதே இங்கும் பொருந்தும்.

கேள்வி (பாண்டிச்சேரி): சகலினில் அத்தனை நெபோம்னியாஷிகள் இருந்தார்கள் என்றால், இன்று இப்பெயர் ஏன் அரிதாக இருக்கிறது?

பதிவேட்டில் ஒரு பெயர் பெருகுவதும் வம்சத்தில் பெருகுவதும் வேறு வேறு. தண்டனைத் தீவிலும் சைபீரியக் குடியேற்றங்களிலும் ஆண்கள் மிகுதி, பெண்கள் குறைவு. பலர் குடும்பமின்றியே மடிந்தார்கள். பெயரும் அவர்களோடு மடிந்தது. பிழைத்த குடும்பங்களிலும் சிலர் இப்பெயரின் பழைய நிழலை விரும்பாமல் மாற்றிக்கொண்டிருக்கக் கூடும். 1918 மார்ச்சில் சோவியத் அரசின் ஆணை குடும்பப்பெயர் மாற்றும் உரிமையைக் குடிமக்களுக்கு வழங்கியது. எஞ்சியவர்கள் ரஷ்யா, உக்ரைன், இஸ்ரேல், அமெரிக்கா என்று சிதறி வாழ்கிறார்கள்.

கேள்வி (மலேசியா): நெபோம்னியாஷிஹ் என்று முடியும் பெயரையும் பார்த்தேன். அச்சுப்பிழையா?

பிழையன்று. யூரல், சைபீரியா, வடரஷ்யப் பகுதிகளில் ‘அந்த வீட்டார்’ என்ற பொருளில் பன்மை வேற்றுமை வடிவமே குடும்பப்பெயராக நிலைத்தது. செர்னிஹ், தோல்கிஹ், செதிஹ் எல்லாம் இவ்வகையின. இவ்வடிவம் ஆணுக்கும் பெண்ணுக்கும் மாறாது. நெபோம்னியாஷி என்பதோ பெண்ணுக்கு ‘நெபோம்னியாஷயா’ என்று மாறும். ‘-இஹ்’ விகுதி பெரும்பாலும் இத்தகைய பகுதிகளின் வேரை உணர்த்தும் என்பதால், இந்தப் பெயர் ஆய்வாளருக்கு மற்றதைவிடக் கூடுதலாகப் பேசுகிறது.

கேள்வி (சென்னை): கால்பந்துப் பயிற்சியாளர் ஒருவருக்கும் இப்பெயர் இருந்ததே? இயானின் உறவினரா?

வலேரி நெபோம்னியாஷி. அல்தாய் பகுதியின் ஸ்லாவ்கோரதில் 1943இல் பிறந்தவர். 1990 உலகக் கோப்பையில் கேமரூன் அணியைக் காலிறுதிவரை அழைத்துச் சென்ற பயிற்சியாளர். முதல் ஆட்டத்திலேயே நடப்பு வாகையரான அர்ஜென்டினாவை அந்த அணி 1-0 என வென்றது. உறவைப் பற்றிய கேள்விக்குக் கோவை வாசகருக்குத் தந்த பதிலே பதில். ஒரே பெயர், ஒரே குடும்பம் அன்று.

கேள்வி (ஓசூர்): பணம் கட்டினால் இப்பெயருக்கான குலச்சின்னமும் வரலாற்றுச் சான்றிதழும் தருவதாக ஓர் இணைய நிறுவனம் சொல்கிறது. வாங்கலாமா?

வேண்டாம். தன் குலத்தையே சொல்ல மறுத்தவனின் பெயருக்கு எவரும் குலச்சின்னம் வழங்கியதில்லை.

கேள்வி (திருப்பூர்): இவரும் சகலின் கைதியின் பேரனா? பெயரை எப்படி உச்சரிப்பது?

கோவை, சேலம் பதில்கள்.

கேள்வி (வேலூர்): மகள் ரஷ்யாவில் மருத்துவம் படிக்கப் போகிறாள். அவள் கடவுச்சீட்டில் குடும்பப்பெயர் இடம் காலியாக உள்ளது. என்ன செய்வது?

இது என் துறையன்று, அம்மா. கடவுச்சீட்டு அலுவலகத்தில் நேரில் கேட்டு, பயணத்துக்கு முன்பே சரிசெய்துகொள்ளுங்கள்.

கேள்வி (நாகர்கோவில்): ‘சுற்றம் நினைவில்லாத இவான்’ என்ற தொடர் இன்றும் ரஷ்யப் பேச்சில் உண்டா?

உண்டு, ஆனால் பொருள் திரிந்துவிட்டது. தன் வேரை, தன் முன்னோரை மறந்தவனைக் கண்டிக்க இன்று அதைச் சொல்கிறார்கள். முன்னோரைக் காட்டிக்கொடுக்காமல் இருப்பதற்காக அடி வாங்கியவர்களும் அந்த இவான்களிடையே இருந்தார்கள்.