பொட்டாஷ் கேட்டால் பாலிஹாலைட் தருகிறார்கள், வாங்கலாமா?

கேள்வி: பொள்ளாச்சிப் பக்கம் 70 தென்னை வைத்திருக்கிறேன். சிவப்புப் பொட்டாஷ் (பொட்டாசியம் குளோரைடு உரம்) இருப்பில்லை என்று கடையில் சாம்பல் நிறக் குருணை ஒன்றைக் காட்டுகிறார்கள். பெயர் பாலிஹாலைட். “பூமிக்கடியில் வெட்டி எடுத்த கல் உப்பு. பொட்டாஷ், மக்னீசியம், கால்சியம், கந்தகம் நாலும் இருக்கு, குளோரைடு தொல்லை இல்லை” என்கிறார் கடைக்காரர். பொட்டாஷுக்குப் பதில் அதே அளவு போட்டால் போதுமா?

பதில்: போதாது. கடைக்காரர் சொன்னது பொய்யில்லை. இங்கிலாந்தின் வடக்கு யார்க்‌ஷயரில் பௌல்பி என்ற சுரங்கத்தில், 1,000 மீட்டருக்கும் கீழே இதை வெட்டுகிறார்கள். சுமார் 26 கோடி ஆண்டுகளுக்கு முன் வற்றிய கடல் விட்டுப்போன படிவு அது. நாலு சத்தும் அதில் உண்டு. ஆனால் எவ்வளவு உண்டு என்பதை அவர் சொல்லவில்லை, பாருங்கள்.

மூட்டையைத் திருப்பிப் பொட்டாஷ் சத்து எத்தனை சதவீதம் என்று படியுங்கள். சிவப்புப் பொட்டாஷில் 60, பாலிஹாலைட்டில் சுமார் 14. அதாவது 50 கிலோ மூட்டையில் அது 30 கிலோ தருகிறது, இது 7 கிலோதான். காய்க்கும் தென்னைக்கு ஆண்டுக்கு 2 கிலோ சிவப்புப் பொட்டாஷ் என்பது வழக்கமான பரிந்துரை. அதிலுள்ள 1.2 கிலோ சத்தைப் பாலிஹாலைட்டில் கொடுக்க மரத்துக்கு எட்டரை கிலோ வேண்டும். உங்கள் 70 மரத்துக்கு மூன்று மூட்டைக்குள் முடிகிற வேலை பன்னிரண்டு மூட்டையாகும். வண்டி வாடகை, சுமைகூலி தனி. பொட்டாஷ் மூட்டை விலையை 30ஆலும், பாலிஹாலைட் விலையை 7ஆலும் வகுத்துப் பாருங்கள், ஒரு கிலோ சத்து என்ன விலைக்கு வருகிறது என்று தெரிந்துவிடும்.

கந்தகத்துக்கும் மக்னீசியத்துக்கும் மதிப்பில்லையா என்றால், உண்டு, உங்கள் மண்ணில் அவை குறைவாக இருந்தால். மண் பரிசோதனை அட்டையைப் பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள். சுண்ணாம்பு நிலத்தில் கால்சியத்துக்குப் பணம் கட்டுவது வீண். குளோரைடு இல்லை என்பதும் புகையிலை, திராட்சைக்காரர்கள் கவலைப்பட வேண்டிய விஷயம். தென்னைக்குக் குளோரின் தேவையான சத்துதான், அது இல்லாததற்காக நீங்கள் ஏன் கூடுதலாகக் கொடுக்க வேண்டும்?

மக்னீசியக் குறை இருக்கிறதா என்று மரமே சொல்லும். அடி மட்டைகளைப் பாருங்கள். ஓலை நுனியிலிருந்து மஞ்சளாகி, ஈர்க்கை ஒட்டி மட்டும் பச்சை நின்றால் சந்தேகப்படலாம். வெயில் படும் பக்கம் வெளுத்து, நிழல் விழும் இடம் பச்சையாகவே இருக்கும். அப்படியானால் மரத்துக்கு ஆண்டுக்கு அரை கிலோ மக்னீசியம் சல்பேட் போடுங்கள். இன்னொன்று, பொட்டாஷை அள்ளிக் கொட்டினால் மரம் மக்னீசியத்தை எடுப்பது குறையும். குறை தெரிந்ததும் பொட்டாஷைக் கூட்டுகிறவர்கள் நிறையப் பேர்.

கேள்வி: பாலிஹாலைட் ஒரு பிடியைத் தண்ணீரில் போட்டேன். மறுநாளும் அடியில் தங்கியிருக்கிறது. கலப்படமா?

பதில்: அதை வைத்து மட்டும் சொல்ல முடியாது. அது மெல்லக் கரையும் உப்பு, அதிலுள்ள கால்சியம் ஜிப்சமாகத் தங்கிவிடும். பொட்டாஷ் என்றால் சட்டெனக் கரையும், டம்ளரும் தொட்டால் ஜில்லென்றிருக்கும். ஆகவே சொட்டுநீர்த் தொட்டியில் பாலிஹாலைட்டைப் போட்டுக் குழாயை அடைத்துக்கொள்ளாதீர்கள். சந்தேகம் தீரவில்லை என்றால் பிரிக்காத ஒரு மூட்டையை அப்படியே வைத்து, ரசீதோடு வட்டார வேளாண்மை உதவி இயக்குநர் அலுவலகத்தில் எழுதிக் கொடுங்கள், ஆய்வாளர் மாதிரி எடுப்பார். ரசீது தரவேண்டியது 1985ஆம் ஆண்டு உரக் கட்டுப்பாட்டு ஆணைப்படி கடைக்காரரின் கடமை. “யூரியா வேண்டுமென்றால் இதையும் எடு” என்று கட்டிவிட்டிருந்தால் அதையும் புகாரில் சேருங்கள்.

கேள்வி: ஆன்லைனில் வாங்கிய சாக்கடல் குளியல் உப்பு டப்பாவிலேயே கசிந்து ஈரமாகிவிட்டது. திருப்பி அனுப்பலாமா?

பதில்: ஈரமானதற்காக வேண்டாம். சாக்கடல் உப்பில் முக்கியமானது, அந்த நீரிலிருந்து படியும் கார்னலைட். அது பொட்டாசியமும் மக்னீசியமும் சேர்ந்த குளோரைடு, காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். மூடியை இறுக்கி வையுங்கள். ஆனால் ஈரமானதே அசல் என்பதற்குச் சாட்சியும் ஆகாது. எந்தக் கடலின் மக்னீசியம் குளோரைடும் கசியத்தான் செய்யும். லேபிளில் சோடியம் குளோரைடு முதலில் இருந்தால், சமையலறை உப்பில் வாசனை சேர்த்து விற்றிருக்கிறார்கள் என்று சந்தேகிக்கலாம். அப்போது தாராளமாகத் திருப்பி அனுப்புங்கள், மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் பேசுங்கள்.