வாசகர் கேள்வி – பதில்: மாதங்களின் பெயரில் மதுரை வீதிகள்

கேள்வி: மணமாகிச் சென்னைக்கு வந்து முப்பது ஆண்டுகள் ஆகின்றன. சித்திரைத் திருவிழாத் தேர் ஏன் சித்திரை வீதியில் ஓடாமல் மாசி வீதியில் ஓடுகிறது என்று என் பேத்தி கேட்கிறாள். மதுரையில் பிறந்த எனக்கே பதில் தெரியவில்லை. விளக்குவீர்களா ஐயா? (ஒரு வாசகி, சென்னை)

பதில்: உங்கள் பேத்திக்கு என் வாழ்த்துகள் அம்மா. மதுரையின் வீதி அமைப்பைப் புரிந்துகொள்வதற்கு இதைவிட நல்ல கேள்வி இல்லை.

மீனாட்சியம்மன் கோயிலை நடுவில் வைத்து, ஒன்றைச் சுற்றி ஒன்றாகச் சதுரம் சதுரமாக அமைந்தவை நம் வீதிகள். மதிலுக்கு உள்ளே ஆடி வீதி, மதிலை ஒட்டி வெளியே சித்திரை வீதி, அதற்கு அடுத்து ஆவணி மூல வீதி, அதன்பின் மாசி வீதி, கடைசியில் வெளி வீதி. இவற்றில் மாதப் பெயர் கொண்டவை ஒவ்வொன்றும் அந்தந்த மாதத்தில் சுவாமி புறப்பாடு நடந்த வீதி என்பதால் அப்பெயரைப் பெற்றன. ஆவணி மூலத் திருவிழாவில், பிட்டுக்கு மண் சுமந்த லீலை நடக்கும் நாட்களில், இன்றும் சுவாமி ஆவணி மூல வீதிகளில் வலம் வருவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள்.

ஒரு காலத்தில் மீனாட்சி திருக்கல்யாணமும் தேரோட்டமும் மாசி மாதத்தில் நடந்தன. 1623 முதல் 1659 வரை ஆண்ட திருமலை நாயக்கர், அழகர்கோயில் சித்திரைத் திருவிழாவோடு சேரும்படி அவற்றைச் சித்திரைக்கு மாற்றினார் என்பது வழிவழியாக வழங்கிவரும் செய்தி. சைவ விழாவும் வைணவ விழாவும் ஒரே வாரத்தில் கூடியதால், சுற்றுவட்டாரக் கிராமங்கள் முழுவதும் வண்டி கட்டிக்கொண்டு மதுரைக்கு வரத் தொடங்கின. திருவிழா மாதம் மாறியது. பெருந்தேர் ஓடும் தடம் மாறவில்லை. ஆகவே மாசி என்ற பெயர், முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாக, அந்தப் பழைய வழக்கத்தின் சாட்சியாக வீதியிலேயே தங்கிவிட்டது. கல்வெட்டைத் தேடிப் போகாமலே, கடைப்பலகையில் உள்ள முகவரியைப் படித்தே உங்கள் பேத்தி இதைத் தெரிந்துகொள்ளலாம்.

கேள்வி: 'வடம்போக்கித் தெரு' என்ற பெயரை மதுரையிலும் வேறு சில கோயில் ஊர்களிலும் கண்டிருக்கிறேன். இதன் பொருள் என்ன? (ஒரு வாசகர், திண்டுக்கல்)

பதில்: பெயரிலேயே பொருள் இருக்கிறது, தேர்வடம் போகும் தெரு. தேர் நேராக ஓடும்வரை வடம் வீதியின் நீளத்துக்கு முன்னால் நீண்டு கிடக்கும். மூலையை நெருங்கும்போது வடம் பிடித்தவர்கள் தேருக்கு முன்பாகவே வீதியின் முடிவுக்கு வந்துவிடுவார்கள். அதற்கு மேல் அவர்கள் நகர இடமில்லாவிட்டால் தேர் முனை வரை வந்து சேராது. அதற்காகவே, வீதி முடியும் இடத்துக்கு நேர் எதிரே ஒரு சிறு தெருவைத் திறந்து வைத்தார்கள். வடம் அந்தத் தெருவுக்குள் போக, தேர் முனைக்கு வந்து நிற்கும். பின்பு சக்கரத்துக்கு முட்டுக்கட்டை கொடுத்துத் தேரைத் திருப்பி, வடத்தை அடுத்த வீதிக்கு மாற்றுவார்கள். ஊரை வகுத்தவர்கள் தேரின் திருப்பத்தையும் கணக்கில் கொண்டு வகுத்திருக்கிறார்கள் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

என் அத்தையின் வீடு அப்படி ஒரு தெருவில் இருந்தது. தேரோட்டத்தன்று காலையில் எங்களைத் திண்ணையை விட்டு இறங்கக்கூடாது என்று சொல்லி வரிசையாக உட்கார வைத்துவிடுவார். முதலில் கூச்சல் கேட்கும். பிறகு, ஒரு சிறுவனின் தொடையளவு கனமுள்ள வடம், நூற்றுக்கணக்கான கைகளில் தொங்கியபடி, எங்கள் முழங்காலுக்கு இரண்டடி தூரத்தில் தெருவுக்குள் நுழையும். தேர் எங்கள் கண்ணுக்குத் தெரியாது. வடம் மட்டும் வரும், நிற்கும், விறைக்கும், மறுபடி தளரும். அது தளர்ந்து தரையில் கிடக்கும் அந்தச் சில நிமிடங்களில் அத்தை இறங்கிப் போய், வடத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, ஈரக் கையால் எங்கள் நெற்றியையும் தொடுவார். வியர்வையும் நாரும் கலந்த அந்த மணம் எனக்கு இன்னும் மறக்கவில்லை.

கேள்வி: தமிழ் மாதப் பெயர்களுக்கு நடுவே மாரட் வீதி, பெருமாள் மேஸ்திரி வீதி என்று வருகின்றனவே, இவர்கள் யார்? (ஒரு வாசகர், விருதுநகர்)

பதில்: மதுரைக் கோட்டையை இடித்த பணியில் பொறுப்பு வகித்தவர்கள். நாயக்கர் காலத்தில் கட்டப்பட்ட கோட்டைமதிலும் அகழியும் ஊரைச் சுற்றி நின்றன. எழுபத்திரண்டு பாளையங்களுக்கும் ஒவ்வொன்றாகக் கொத்தளங்கள் இருந்தன என்பது மரபு. மக்கள் பெருகி ஊர் நெருங்கியபோது, அப்போதைய கலெக்டர் பிளாக்பர்ன், 1840-ஐ ஒட்டிய ஆண்டுகளில், மதிலை இடித்து அகழியைத் தூர்க்க ஏற்பாடு செய்தார். நில அளவைப் பணியைப் பார்த்தவர் மாரட். இடிப்பு வேலையை மேற்பார்த்தவர் பெருமாள் மேஸ்திரி. அதனால் கிடைத்த நிலத்தில், மாசி வீதிக்கு வெளிப்புறமாக உண்டான தெருக்களுக்கு இவ்விருவர் பெயரும் இடப்பட்டன. ஒரு மேஸ்திரியின் பெயர் அதிகாரியின் பெயருக்குச் சமமாக வீதிப் பெயரில் நிலைத்திருப்பது எனக்கு மிகவும் மனநிறைவைத் தரும் செய்தி. பிளாக்பர்னின் நினைவாக நிறுத்தப்பட்டதுதான் இன்று எல்லோரும் அறிந்த விளக்குத்தூண். பெரியார் பேருந்து நிலையத்தின் அருகே கோட்டையின் ஒரு சிறு பகுதி இன்னும் எஞ்சியிருக்கிறது.

இதற்கும் முந்திய பாண்டியர் கோட்டையின் வாயில் ஒன்று புதுமண்டபத்துக்குக் கிழக்கே நிற்கிறது. இடிக்காமல் விட்ட வாசல் என்பதால் அது விட்டவாசல். அதன் அடியில் நின்று மேலே அண்ணாந்து பார்ப்பவர்கள் மிகச் சிலரே. அடுத்த முறை வரும்போது நீங்கள் பாருங்கள்.

கேள்வி: காந்தியடிகள் மேலாடையைத் துறந்தது மேலமாசி வீதியில்தானா? (ஒரு மாணவி, தேனி)

பதில்: ஆம். 1921 செப்டம்பர் 22 அன்று, மேலமாசி வீதி 251-ஆம் எண் வீட்டில் தங்கியிருந்தபோதுதான் அவர் அரையாடைக்கு மாறினார். அந்த வீட்டில் இப்போது கதர் விற்பனை நடைபெறுகிறது. பெரியார் பேருந்து நிலையத்தில் இறங்கினால் நடந்தே போய்விடலாம்.

கேள்வி: என் அப்பாவுடன் புதுமண்டபத்துக்குப் போய்ப் பாடப்புத்தகம் வாங்கிய நாட்கள் நினைவில் இருக்கின்றன. அந்தக் கடைத் தெருக்களைப் பற்றி எழுதுங்கள். (ஒரு வாசகர், பெங்களூர்)

பதில்: அந்த நினைவில் நானும் உங்களோடு நிற்கிறேன். மதுரையில் ஒரு பொருளின் பெயரைச் சொன்னால் தெருவின் பெயர் பதிலாக வரும். மளிகை மொத்தமாக என்றால் கீழமாசி வீதி, நகை என்றால் தெற்காவணி மூல வீதி, துணி என்றால் விளக்குத்தூண் பக்கம். நகைப்பட்டறைகள் இருந்த சந்துகளில், விடியற்காலையில் சிலர் வாசலைக் கூட்டி, அந்தத் தூசை ஒரு தட்டில் அரித்து, அதில் ஒட்டியிருக்கும் பொன் துகளைத் தேடுவதைப் பள்ளிக்குப் போகும் வழியில் நின்று பார்த்திருக்கிறேன். வெங்கலக்கடைத் தெரு, வளையல்காரத் தெரு, தென்னோலைக்காரத் தெரு ஆகியவை தம் தொழிலையே பெயராகக் கொண்டவை. எழுகடல் தெரு மட்டும் திருவிளையாடலிலிருந்து வந்தது. மீனாட்சியின் தாய் காஞ்சனமாலை நீராட ஏழு கடலையும் இறைவன் வரவழைத்த இடம் என்பது புராணம்.

இந்தப் பழக்கம் இன்று நேற்று வந்ததன்று. பகற்கடைகளை நாளங்காடி என்றும் இரவுக்கடைகளை அல்லங்காடி என்றும் சங்க நூலான மதுரைக்காஞ்சி சொல்கிறது. தூங்கா நகரம் என்று நாம் பெருமையாகச் சொல்லும் ஊரின் விழிப்பு அவ்வளவு பழையது.

புதுமண்டபம் திருமலை நாயக்கர் வசந்த விழாவுக்காகக் கட்டியது. 124 தூண்கள் கொண்டது. அந்தச் சிற்பத் தூண்களுக்கு இடையில்தான் தையற்காரர்களும் புத்தகக்கடைக்காரர்களும் பாத்திரக்கடைக்காரர்களும் தலைமுறைகளாக வாழ்ந்தார்கள். மண்டபத்தைப் பாதுகாப்பதற்காக அவர்களை அருகிலுள்ள குன்னத்தூர் சத்திரத்துக்கு மாற்றியிருக்கிறார்கள். கல்லுக்கு அது நல்லது என்பதை ஒப்புக்கொள்கிறேன். கடைப்புகையும் ஆணியும் சிற்பங்களுக்குச் செய்த தீங்கை என் கண்ணாலேயே கண்டேன். ஆனாலும் உள்ளே போய் அந்த வெறும் தரையில் நிற்கும்போது, தையல் இயந்திரத்தின் ஓசை காதில் விழாதது எனக்கு இழப்பாகவே இருக்கிறது.

சித்திரை நெருங்கினால், அழகருக்குத் தண்ணீர் பீய்ச்சுவோர் அணியும் சல்லடம் என்ற அரைக்கால்சட்டையும் குல்லாவும் அந்த மண்டபத்தில்தான் தைக்கப்பட்டு வந்தன. ஒரு முறை என் தம்பிக்கு நேர்த்திக்கடன் உடை தைக்கப் போனோம். தையற்காரப் பெரியவர் அளவுநாடாவை எடுக்கவே இல்லை. பையனை ஒரு முறை திரும்பி நிற்கச் சொன்னார், சிவப்புத் துணியைத் தரையில் விரித்தார், கத்தரியை வைத்தார். "மூணு நாள் கழிச்சு வாங்க தம்பி, அழகர் ஆத்துல எறங்குறதுக்குள்ள கெடச்சிரும்" என்றார். மூன்றாம் நாள் போய்ப் போட்டுப் பார்த்தோம். தோளில்கூட ஒரு சுருக்கம் இல்லை.