பல துறைல வேலை செய்யற இன்றைய இத்தாலிய ஆர்ட்டிஸ்ட்ல உங்களுக்குப் பிடிச்சவர் யார், ஏன்?

செவுத்துல வாழைப்பழத்த டேப் போட்டு ஒட்டுன கட்டெலான் பேரத்தான் இங்க நெறைய பேர் சொல்லுவாங்க, சொல்லட்டும். என் ஓட்டு பிரான்செஸ்கோ கிளெமென்டேவுக்கு.

1952ல நேப்பிள்ஸ்ல பொறந்தவரு. 1970ல ஆர்க்கிடெக்சர் படிக்க ரோமுக்குப் போயி, படிப்ப முடிக்காமலே விட்டுட்டாரு. அங்க அலிகியெரோ போயெட்டி பழக்கமாகி 1974ல ரெண்டு பேருமா ஆப்கானிஸ்தான் வரைக்கும் போயிட்டு வந்தாங்க. இந்த போயெட்டி யாருன்னா, ஆப்கன் பொம்பளைங்கள வெச்சு உலக மேப்ப எம்பிராய்டரியா போட வெச்சவரு, அதாவது யோசனை இவரோடது, கை வேலை வேறவங்களோடது. கிளெமென்டே பின்னாடி செஞ்ச அத்தனைக்கும் விதை அங்கதான் விழுந்துச்சுன்னு நான் நெனைக்கிறேன்.

அப்புறம் நம்ம மெட்ராஸ். 1973லயே இந்தியாவுக்கு ஒரு தடவை வந்து பாத்துட்டு, 70கள் பிற்பாதில மனைவி ஆல்பாவோட இங்கயே வந்து தங்கிட்டாரு. அடையார் தியாசபிகல் சொசைட்டி லைப்ரரில உக்காந்து படிப்பாரு, இன்னொரு பக்கம் சைன்போர்டு எழுதுறவங்களோட சேந்து படம் போடுவாரு. 1980ல வரைஞ்ச பெரிய படங்கள்ல நான் ரசிக்கிற விஷயம் பேப்பர்தான், பாண்டிச்சேரி ஹேண்ட்மேட் பேப்பர், ஒரு ஷீட்டு பத்தாதுன்னு பல ஷீட்ட வரிசையா வெச்சு பருத்தித் துணிப் பட்டையால ஒட்டி ஒரே படமாக்கி இருப்பாரு, ஸூம் பண்ணிப் பாத்தா அந்த ஒட்டு வர்ற கோடு படத்துக்கு நடுவுலயே கட்டம் கட்டமா ஓடும், மறைக்கணும்னே நெனைக்கல மனுஷன். ஜெய்ப்பூர் மினியேச்சர் ஓவியர்களோட சேந்து 24 சின்னப் படம் போட்டதும் இதே சமயத்துலதான்.

1980ல வெனிஸ் பியென்னாலேங்கற பெரிய சர்வதேசக் கலைக் கண்காட்சில டிரான்ஸ்அவன்கார்டியான்னு ஒரு கோஷ்டியா கெளம்பினாங்கள்ல, பெயின்டிங் காலாவதின்னு பேசிட்டு இருந்த நேரத்துல திரும்ப பெயின்டிங்குக்கே வந்தவங்க, அதுல இவரும் ஒருத்தர். அடுத்த வருஷமே நியூயார்க்.

அங்க போயும் மெட்ராஸ விடல, அதான் எனக்கு இவர இன்னும் பிடிச்சுப் போன எடம். 1986ல ரேமண்ட் ஃபாய்ங்கறவரோட சேந்து ஹனுமான் புக்ஸ்னு ஒரு பதிப்பகம் ஆரம்பிச்சாரு. ஆலன் கின்ஸ்பெர்க், பட்டி ஸ்மித் மாதிரி ஆளுங்க எழுதுனத, சுமார் 3க்கு 4 இன்ச்ல, கோயில் வாசல்ல விக்கிற கந்த சஷ்டி கவசம் சைஸ்ல, இங்க கலாக்ஷேத்ரா நாச்சியப்பன் பிரஸ்ல லெட்டர்பிரஸ்ல அடிச்சு அமெரிக்காவுக்குக் கொண்டு போனாங்க. நியூயார்க் கவிஞர்களோட எழுத்து திருவான்மியூர் பக்கம் அச்சாச்சுன்னு இங்க எத்தன பேருக்குத் தெரியும்?

மத்தபடி சுவத்துல ஃப்ரெஸ்கோ, அதாவது ஈரச் சுண்ணாம்புப் பூச்சு மேலயே வரையற படம், 1998ல வந்த ஒரு ஹாலிவுட் படத்துல ஓவியனா வர்ற ஹீரோ வரையற மாதிரி காட்டுற ஓவியமெல்லாம் இவர் கை, நேப்பிள்ஸ் மாத்ரே மியூசியத்துல ரெண்டு மாடிக்கு ஃப்ரெஸ்கோவும் தரை டைல்ஸும், அப்புறம் ராஜஸ்தான் கைவினைக்காரங்கள வெச்சு ஆள் உள்ள போயி நிக்கிற மாதிரி டென்ட்டுங்க. டென்ட்டு எனக்கு அவ்வளவா ஒட்டல, ஃபோட்டோவுக்கு நல்லா இருக்கு.

ஒரே ஒரு நெருடல். 1984ல நியூயார்க் ஓவியர்களான வார்ஹால், பாஸ்கியா, கூட இவரு, மூணு பேரும் ஒரே கான்வாஸ மாத்தி மாத்தி அனுப்பி வரைஞ்சாங்க, ஜூரிச்ல கண்காட்சி வெச்சப்ப மூணு பேர் பேரும் இருந்துச்சு. சேந்து வேலை செய்யற முறை ஏறக்குறைய அதேதான், ஆனா மெட்ராஸ் சைன்போர்டு ஆர்ட்டிஸ்ட்டுங்க பேரு நான் பாத்த லேபிள் எதுலயும் கண்ணுல படல. அந்தக் காலத்துல அவரோட வேலை பாத்தவங்க குடும்பத்துல யாராச்சும் இதப் படிச்சீங்கன்னா கீழ கமென்ட்ல சொல்லுங்க, பதில்ல சேத்துடறேன்.