செப்சிஸில் அழற்சியை அடக்கினால் உயிர் பிழைக்குமா?

கிருமித் தொற்றை எதிர்க்கக் கிளம்பிய உடல், கட்டுமீறித் தன் உறுப்புகளையே சேதப்படுத்தும் நிலைதான் செப்சிஸ். வெள்ளை அணுக்கள் டிஎன்எஃப், இன்டர்லூகின்-6 போன்ற, அழற்சியைத் தூண்டும் புரதங்களை ரத்தத்தில் கொட்டுகின்றன. நுண்ரத்தக் குழாய்கள் கசிகின்றன, ரத்த அழுத்தம் விழுகிறது, சிறுநீர் குறைகிறது.

அப்படியானால் அந்தப் புரதங்களின் சமிக்ஞையை அடைத்துவிடலாமே? விலங்குகளில் பலித்தது, ஏனென்றால் பெரும்பாலும் மருந்தை முன்கூட்டியே கொடுத்தார்கள். மனிதர் மருத்துவமனைக்கு வரும்போது புரத அலை பாதி ஓய்ந்திருக்கும். கிருமியின் நச்சை உணர்ந்து அழற்சியைக் கிளப்பும் டிஎல்ஆர்4 ஏற்பியை அடைக்கும் எரிடோரான் மருந்தின் பெரிய ஆய்வு 2013இல் வெளியானது, இறப்பு குறையவில்லை.

திருடனைப் பிடிக்க ஓடிவந்த ஊர்க்கூட்டம் அக்கம்பக்கத்து வீடுகளையும் உடைக்கிறது. எல்லோர் கையையும் கட்டிப்போட்டால் திருடன் தப்பிவிடுவான். அதைவிட, சீக்கிரம் திருடனைப் பிடித்தால் கூட்டம் தானே கலையும்.

சிகிச்சையும் அப்படித்தான். செப்டிக் ஷாக், அதாவது செப்சிஸால் ரத்த அழுத்தம் ஆபத்தாக விழுந்த நிலை என்றால் ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாட்டிக். அதற்கு முன் ரத்த கல்ச்சர் (ரத்தத்தில் உள்ள கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை) எடுப்பது நல்லது. ஆனால் அதற்காக மருந்தைத் தாமதப்படுத்தவே கூடாது. முதல் மூன்று மணி நேரத்தில் உடல் எடையில் கிலோவுக்குச் சுமார் 30 மில்லி திரவம், ரத்தநாளம் வழியாக. சராசரி ரத்த அழுத்தம் 65 மி.மீ. பாதரசத்துக்குக் கீழே நின்றால், அதை உயர்த்தும் நார்அட்ரினலின். சீழ் தேங்கியிருந்தால் வடித்தே ஆக வேண்டும்.

நார்அட்ரினலின் தேவை குறையாவிட்டால் ஹைட்ரோகார்டிசோன் என்ற ஸ்டீராய்டு, ஆறு மணிக்கொருமுறை 50 மில்லிகிராம். ஷாக் விரைவில் தெளிய இது உதவும். உயிரிழப்பைக் குறைப்பதில் ஆய்வு முடிவுகள் ஒத்துப்போகவில்லை.

காய்ச்சல் தொடங்கியதுமே ஸ்டீராய்டு போட்டால் செப்சிஸ் வராது என்பது தவறு. தேவையில்லாமல் போட்ட ஸ்டீராய்டு கிருமிக்குத்தான் வழிவிடும்.